சனி எங்கே நிற்கிறது? இரண்டு பஞ்சாங்கங்களும் 1829இன் ஒரு கிரகணமும்

2025 மார்ச் 29ஆம் திகதி சனி கும்பத்தில் இருந்து மீனத்துக்குப் பெயர்ந்தது. 2026 மார்ச் 6ஆம் திகதியும் அதே சனி அதே கும்பத்தில் இருந்து அதே மீனத்துக்குப் பெயர்ந்தது. முதலாவது திருக்கணிதப் பஞ்சாங்கத்தின் கணக்கு. இரண்டாவது திருநள்ளாறு கோயில் பின்பற்றுகின்ற வாக்கியப் பஞ்சாங்கத்தின் கணக்கு. இடைவெளி பதினொரு மாதங்களுக்கும் அதிகம்.

யாழ்ப்பாணத்தவர்களுக்கு இது புதினமல்ல. கொக்குவிலில் இருந்து வரும் இரகுநாதையர் வாக்கிய பஞ்சாங்கமும் மட்டுவில் திருக்கணித பஞ்சாங்கமும் குடாநாட்டு வீடுகளில் அக்கம்பக்கமாகத் தொங்குகின்றன. சித்திரைப் புத்தாண்டு வந்தால் பத்திரிகைகள் இரண்டு புண்ணியகாலங்களை அச்சிடும். எந்த நேரத்தில் மருத்துநீர் வைப்பது என்று அம்மாவும் பெரியம்மாவும் தொலைபேசியில் பேசி ஒரு முடிவுக்கு வருவார்கள். அதற்காக ஒருவரும் சண்டை பிடிப்பதில்லை.

ஆனால் வானத்தில் ஒரு சனிதான் இருக்கிறது. அதை வெறுங்கண்ணால் பார்க்கலாம். இராசியின் எல்லையை எங்கே வைப்பது என்பதில் கணிதர்களிடையே சிறிய கருத்து வேறுபாடு இருக்கலாம். அந்த வேறுபாடு பதினொரு மாத இடைவெளியை விளக்கப் போதாது. அப்படியானால் ஒரு கணக்கு பிழை. பரம்பரை பரம்பரையாகப் புனிதமென்று கையளிக்கப்பட்ட ஒரு நூல், வானத்தைப் பற்றிச் சொல்லும் ஒரு விடயத்தில் பிழைக்க முடியுமா? முடியும் என்றால் அந்த நூல் சொல்லும் ஏனைய விடயங்களின் கதி என்ன?

இந்தக் கேள்வி யாழ்ப்பாணத்தில் ஏறக்குறைய இருநூறு ஆண்டுகளுக்கு முன்னரே பகிரங்கமாகக் கேட்கப்பட்டது. கேட்கப்பட்ட விதம் பிழையாக இருந்ததால், விடை தேடிய விதமும் பிழைத்துப்போனது என்பது என் எண்ணம். போருக்குப் பிந்திய இன்றைய வாழ்வில் அதே கேள்வி வேறு உருவங்களில் எங்கள் முன் நிற்கிறது. அதனால் அந்தப் பழைய கதையை ஒரு தடவை திருப்பிப் பார்ப்பது நல்லது.

1829 மார்ச் 20, மாலை

அமெரிக்க மிசனரிமார் யாழ்ப்பாணத்துக்கு வந்தது 1816இல். 1823இல் வட்டுக்கோட்டையில் அவர்கள் செமினரியைத் தொடங்கினார்கள். தமிழ், ஆங்கிலம், கணிதம், வானசாத்திரம் என்று உயர்கல்வி புகட்டிய இடம் அது. அதன் முதல் அதிபர் டானியல் பூவர்.

வட்டுக்கோட்டைக்கு அயலூர் அராலி. யாழ்ப்பாணத்துப் பஞ்சாங்க மரபின் பிறப்பிடம் அதுவே. 1667இல் அராலி இராமலிங்கையர் முதன்முதலாக இங்கு வாக்கிய பஞ்சாங்கம் கணித்தார் என்று ஈழத்து இலக்கிய வரலாறுகள் குறிப்பிடுகின்றன. பூவரின் காலத்தில் அந்த மரபின் பெரும் புள்ளியாக விளங்கியவர் அராலி விசுவநாத சாத்திரியார்.

1829 மார்ச் 20ஆம் திகதி ஒரு சந்திரகிரகணம் வர இருந்தது. சாத்திரியாரின் பஞ்சாங்கம் அதற்கு நேரம் குறித்திருந்தது. ஐரோப்பிய முறையில் கணித்துப் பார்த்த பூவர் வேறு விடையைக் கண்டார். கிரகணம் தொடங்கும் நேரம், நீடிக்கும் நேரம், சந்திரனில் மறையும் பங்கு ஆகிய மூன்றிலும் இரு கணக்குகளும் வேறுபட்டன. பூவர் அந்த வேறுபாட்டை முன்கூட்டியே ஊருக்குச் சொன்னார். எது சரியென்று எல்லோரும் தங்கள் கண்ணாலேயே பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார்.

அன்று மாலை சந்திரன் எழுந்தது. நிழல் விழுந்தது. நடந்தது பூவரின் கணக்கோடு பொருந்தியது.

மிசனரிமார் இதைப் பெரும் வெற்றியாகக் கொண்டார்கள். அவர்களின் வாதம் இலகுவானது. கிரகணக் கணக்குப் பிழை, பூமியைத் தட்டையாகவும் ஏழு தீவுகளாகவும் பாற்கடலும் கருப்பஞ்சாற்றுக் கடலும் சூழ்ந்ததாகவும் சொல்லும் புராணப் பூகோளமும் பிழை, ஆகவே சைவம் பிழை. கச்சியப்பரின் கந்தபுராணத்தில் அண்டகோசப் படலம் என்று ஒரு பகுதி உண்டு. சுக்கிராசாரியார் சூரபன்மனுக்கு அண்டங்களின் அமைப்பை விளக்கும் பகுதி அது. யாழ்ப்பாணத்துக் கோயில்களில் ஆண்டுதோறும் படிக்கப்படும் நூலில் இப்படி ஒரு பகுதி இருந்தது, விவாதிக்க வந்தவர்களுக்கு வாய்ப்பாகப் போயிற்று. 1841இல் தொடங்கிய உதயதாரகைப் பத்திரிகையிலும் இந்த விவாதங்கள் தொடர்ந்தன.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். வானத்தைப் பற்றிய ஒரு கணக்குப் பிழையில் இருந்து ஒரு சமயத்தின் முழு உண்மைக்கும் தாவிய அந்த வாதத்தின் நடுவில் பெரிய பள்ளம் இருக்கிறது. அந்தப் பள்ளத்தை அன்று இரு தரப்பும் கண்டுகொள்ளவில்லை.

திரும்பி வந்த கத்தி

பூவர் யாழ்ப்பாணத்தில் கிரகணம் காட்டியதற்கு அடுத்த ஆண்டு, 1830இல், இலண்டனில் சார்ள்ஸ் லயல் என்பவரின் புவிச்சரிதவியல் நூலின் முதற்பாகம் வெளிவந்தது. பாறைப் படைகள் உருவாக எண்ணிப் பார்க்க முடியாத நீண்ட காலம் தேவைப்பட்டது என்பது அதன் சாரம். அக்காலத்து ஆங்கில விவிலியப் பதிப்புகளின் ஓரக் குறிப்பிலோ உலகம் படைக்கப்பட்ட ஆண்டு கி.மு. 4004 என்று அச்சாகியிருந்தது. 1859இல் டார்வினின் நூல் வந்தது. 1862இல் தென்னாபிரிக்காவின் நேற்றால் மாகாண ஆயர் ஜோன் கொலென்சோ, மோசேயின் ஐந்து நூல்களில் உள்ள எண்ணிக்கைகள் கணித ரீதியில் பொருந்தாதவை என்று எழுதினார். அவர் கணித பாடநூல்கள் எழுதியவர். சூலு மொழியில் விவிலியத்தை மொழிபெயர்த்துக்கொண்டிருந்தபோது, உதவிக்கு இருந்த சூலு இனத்தவர் ஒருவர் பெருவெள்ளக் கதை உண்மையா என்று கேட்டதே அவரைச் சிந்திக்கத் தூண்டியது. அடுத்த ஆண்டே திருச்சபை அவரைப் பதவியில் இருந்து விலக்கத் தீர்ப்பளித்தது.

கந்தபுராணத்துக்கு எதிராகத் தீட்டிய கத்தி விவிலியத்தையும் வெட்டும் என்பதை மிசனரிமார் எண்ணவில்லை. யோசுவாவின் சொல்லுக்குச் சூரியன் நின்றது என்ற கதையை வைத்துக்கொண்டு இராகு சந்திரனை விழுங்கும் கதையைச் சிரிப்பது நெடுநாளைக்குச் செல்லுபடியாகவில்லை. கத்தோலிக்கத் திருச்சபை 1633இல் கலிலியோவைத் தண்டித்தது. அதில் நேர்ந்த தவறைத் திருத்தந்தை இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் ஏற்றுக்கொண்டது 1992இல். இடையில் 359 ஆண்டுகள்.

சைவத் தரப்பின் பதிலும் பெரும்பாலும் அதே ஆட்டத்தின் விதிகளுக்குள்ளேயே அமைந்தது. ஆறுமுக நாவலர் பேர்சிவல் பாதிரியாரின் விவிலிய மொழிபெயர்ப்புக்குத் துணை நின்றவர். விவிலியத்தை நன்றாக அறிந்தவர். 1854இல் அவர் வெளியிட்ட சைவதூஷண பரிகாரம், சைவக் கிரியைகளைப் பழிப்போருக்கு அவர்களின் பழைய ஏற்பாட்டிலேயே உள்ள ஆலயக் கிரியைகளைக் காட்டியது. வாதமாக அது வலுவானது. ஆனால் ‘உன் நூலிலும் உண்டு’ என்பது வாதத்தில் வெல்ல உதவுமே தவிர, நூலுக்கும் உண்மைக்கும் உள்ள உறவை அது தெளிவாக்காது.

இதே காட்சி 1873 ஓகஸ்டில் தெற்கில், பாணந்துறையில் நடந்தது. மேருமலையின் உயரம் 84,000 யோசனை என்றால் அது இந்தப் பூமியில் எங்கே இருக்கிறது என்று கிறிஸ்தவத் தரப்பு கேட்டது. பௌத்த தரப்பின் குணானந்த தேரர் நியூட்டனை மறுத்து இங்கிலாந்தில் எழுதப்பட்ட ஒரு நூலை எடுத்துக் காட்டினார். இன்று அந்த நூலை ஒருவரும் நினைப்பதில்லை. தன் சமயநூலைக் காப்பாற்ற விஞ்ஞானத்தில் ஏதாவது ஒரு மூலையைப் பிடித்துக்கொள்ளும் பழக்கம் மட்டும் இன்னும் இருக்கிறது.

முகநூலில் அன்றாடம் நாம் காண்பதும் அதுதான். ‘நவக்கிரகம் என்று அன்றே ஒன்பது கோள்களைச் சொன்னார்கள்’ என்ற பதிவு ஆயிரக்கணக்கில் பகிரப்படுகிறது. நவக்கிரகத்தில் சூரியனும் சந்திரனும் உண்டு. நிழற்கிரகங்களான இராகுவும் கேதுவும் உண்டு. நாம் நிற்கும் பூமி இல்லை. அது வேறொரு நோக்கத்துக்கான வேறொரு பட்டியல். அதை விஞ்ஞானத்தின் வாசலில் கொண்டுபோய் நிறுத்திப் புகழுரை கேட்பவர்கள், தங்களை அறியாமலே பூவரின் வாதத்தை ஏற்றுக்கொள்கிறார்கள். சமயநூலின் பெறுமதியை விஞ்ஞானம்தான் நிறுக்க வேண்டும் என்பது அந்த வாதம்.

‘திரு’ அல்ல, ‘திருக்’

1829இல் விவாதித்த இரு தரப்பும் மறந்த ஒரு வரலாறு உண்டு. பஞ்சாங்கம் பிழைக்கும் என்பதும் அதைத் திருத்த வேண்டும் என்பதும் இந்த மரபுக்கு வெளியே இருந்து வந்த செய்திகள் அல்ல.

வாக்கிய முறை என்பது அதிசயமான ஒரு ஞாபக இயந்திரம். சந்திரனின் அன்றாட நிலையை 248 சிறு வாக்கியங்களில் எழுத்துகளாக மாற்றி வைத்திருந்தார்கள். எழுத்துக்கு எண் உண்டு. வாக்கியத்தை மனப்பாடம் செய்தவருக்குச் சந்திரனின் இருப்பிடம் தெரியும். 1825இல் சென்னையில் வெளிவந்த காலசங்கலித என்ற நூலில் ஜோன் வாரன் என்ற ஆங்கில அதிகாரி ஒரு நிகழ்வைப் பதிவு செய்தார். புதுச்சேரித் தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதர் ஒருவர் ஏடோ எழுதுகோலோ இல்லாமல், நிலத்தில் சோகிகளைப் பரப்பி, மனப்பாடமாக இருந்த வாய்பாடுகளைக் கொண்டே ஒரு சந்திரகிரகணத்தைக் கணித்துக் காட்டினார். பிற்காலத்தில் கணித வரலாற்றாசிரியர்கள் சரிபார்த்தபோது தொடக்க நேரத்தில் பிழை 4 நிமிடம் மட்டுமே. நடுநேரத்தில் 23 நிமிடமும் முடிவில் 52 நிமிடமும் பிழைத்திருந்தன.

வாய்பாடு மட்டும் கைவசம் இருந்து வானத்தை ஒப்பிட்டுப் பார்க்கும் வேலை நின்றுபோனால் இதுதான் நடக்கும். கடிகாரம் நாளுக்கு ஒரு வினாடி பிந்தினால் முதல் ஆண்டில் தெரியாது. நூற்றாண்டில் பத்து மணித்தியாலம் பிந்திவிடும்.

இதைப் பழைய கணிதர்கள் நன்றாக அறிந்திருந்தார்கள். கேரளத்தில் 683இல் ஹரிதத்தர் ஆரியபட்டரின் எண்களைத் திருத்தினார். பரமேசுவரர் ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் கிரகணங்களை அவதானித்து, 1431இல் திருக்கணிதம் என்ற புதிய முறையை வகுத்தார். 1504 அளவில் நீலகண்ட சோமயாஜி எழுதிய சோதிர்மீமாம்சை, கணிப்பும் காட்சியும் முரண்படும்போது நூலைத் திருத்துவது கணிதனின் கடமை என்று வாதிட்டது. மரபை உள்ளிருந்து காத்தவர்களின் வாதம் இது.

திருக்கணிதம் என்ற சொல்லை இங்கு பலர் ‘திரு’ என்ற அடைமொழியோடு கூடிய புனிதக் கணிதம் என்று எண்ணுகிறார்கள். அது ‘திருக்’ என்ற வடசொல். பார்வை என்று பொருள். திருக்கணிதம் என்றால் கண்ணால் கண்டதோடு பொருந்தும் கணிதம். யாழ்ப்பாணத்துச் சுவர்களில் தொங்கும் இரண்டு பஞ்சாங்கங்களில் ஒன்றின் பெயரிலேயே எங்கள் கேள்விக்கான பதில் இருக்கிறது.

தத்துவத்திலும் இதே நிலைதான். சிவஞானசித்தியாரின் அளவையியல் அறிவைப் பெறும் வழிகளைக் காண்டல், கருதல், உரை என்று மூன்றாக அடக்குகிறது. கண்டறிதல், உய்த்தறிதல், ஆன்றோர் நூல் வழி அறிதல். மூன்றுக்கும் அதனதன் இடம் உண்டு. வட்டுக்கோட்டைச் செமினரியில் பூவருக்குப் பின் அதிபராக இருந்த ஹொய்சிங்டன் 1848இல் சோதி சாஸ்திரம் பற்றி ஒரு நூலை வெளியிட்டார். பின்னர் சிவஞானபோதத்தையும் சிவப்பிரகாசத்தையும் ஆங்கிலத்தில் பெயர்த்தார். சைவத்தை மறுக்க வந்த செமினரியின் அதிபரே அதை ஊன்றிப் படிக்க வேண்டி வந்தது.

எல்லா அறிஞர்களும் துணிவாக இருந்தார்கள் என்றும் சொல்ல முடியாது. கிரகணம் பூமியின் நிழலால் நிகழ்கிறது என்று ஆரியபட்டர் சொன்னதை ஏழாம் நூற்றாண்டில் பிரமகுப்தர் வேதத்துக்கு முரண் என்று கண்டித்தார். அதே பிரமகுப்தர் கிரகணத்தைக் கணித்ததோ நிழலின் அளவை வைத்துத்தான். நானூறு ஆண்டுகளின் பின் அல்பிரூனி இதைப் படித்து வியந்தார். இவ்வளவு அறிந்தவர் அச்சத்தால்தான் அப்படி எழுதினாரோ என்று அவர் ஐயுற்றார். ஒரு சமூகத்தில் நூலை எதிர்த்துப் பேச அஞ்சும்போது அறிவாளி இரண்டு மொழி பேசப் பழகுகிறான். கணக்கில் ஒன்று, சொல்லில் இன்னொன்று.

பார்க்கும் இடத்தில் மட்டும் திருந்துகிறது

எனக்கு நினைவிருக்கும் முதல் பெரிய கிரகணம் 2010 ஜனவரி 15. போர் முடிந்து எட்டு மாதம். பொங்கலுக்கு மறுநாள். யாழ்ப்பாணத்துக்கு நேர்மேலே சூரியன் கிட்டத்தட்டப் பத்து நிமிடம் ஒரு வளையமாக நின்றது. கோயில்கள் நடை சாத்தியிருந்தன. கர்ப்பிணிகளை வெளியில் வர விடவில்லை. நாங்கள் பழைய எக்ஸ்றே படத்தை மடித்துப் பிடித்துக்கொண்டு வளவுக்குள் நின்று பார்த்தோம். அது கண்ணுக்குக் கேடு என்று பின்னர்தான் தெரிந்தது. 2019 டிசெம்பர் 26 காலையில் இன்னொரு வளையம் குடாநாட்டின் மேலாகச் சென்றது. இரண்டு தடவையும் குறித்த நேரத்துக்கே எல்லாம் நடந்தன.

தமிழ்நாட்டில் வாக்கிய பஞ்சாங்கம் கணிப்போரில் பலர் கிரகணத்துக்கு மட்டும் திருக்கணித முறையைக் கையாளுகிறார்கள். காரணம் வெளிப்படை. கிரகணத்தை ஊரே அண்ணாந்து பார்க்கிறது. பத்து நிமிடம் பிழைத்தாலும் ஒரு சிறுவன் கேள்வி கேட்பான். சனியை ஒருவரும் அண்ணாந்து பார்ப்பதில்லை. அதனால் சனி பஞ்சாங்கத்தில் ஓரிடத்திலும் வானத்தில் ஓரிடத்திலும் நிம்மதியாக நிற்கிறது.

இந்தச் சிறிய உண்மையை நான் பெரிதாக எடுத்துக்கொள்கிறேன். நூல்கள் தாமாகத் திருந்துவதில்லை. சனங்கள் பார்க்கும் இடத்தில்தான் அவை திருந்துகின்றன. பார்க்காத இடத்தில், அல்லது பார்க்க விடாத இடத்தில், பழைய எண் அப்படியே நிற்கும்.

விஞ்ஞானத்துக்கும் இதே விதிதான். பூவரின் கணக்கு நியூட்டனின் விதிகளில் இருந்து வந்தது. புதன் கோளின் பாதையில் நியூட்டனின் கணக்குக்குள் அடங்காத ஒரு மிகச் சிறிய விலகல் இருந்தது. அதை 1915இல் ஐன்ஸ்டைன் விளக்கினார். 1919 மே 29இல் நிகழ்ந்த ஒரு சூரியகிரகணத்தின்போது அவரின் கோட்பாடு சோதிக்கப்பட்டது. விஞ்ஞானமும் பிழைக்கும். பிழையைக் கண்டவருக்கு அங்கே பாராட்டுக் கிடைக்கும், தண்டனை கிடைக்காது. நடைமுறையில் அது எப்போதும் நேர்மையாக நடப்பதில்லை. ஆனாலும் விதி அதுதான்.

புராணபடனமும் பயனும்

அப்படியானால் அண்டகோசப் படலத்தின் பூகோளம் பிழை என்றால் கந்தபுராணம் வீணா?

எங்கள் கோயில்களில் புராணபடனம் நடப்பதைப் பார்த்தவர்களுக்கு இதற்கு விடை தெரியும். ஒருவர் பாட்டைப் படிப்பார். அருகில் இருக்கும் இன்னொருவர் பயன் சொல்லுவார். வெறும் பாட்டு மட்டும் சபைக்குப் போதாது. காலத்துக்கும் கேட்பவர்களுக்கும் ஏற்ப அதன் பொருளை விரிப்பவர் வேண்டும். நூலும் விளக்குபவரும் ஒரே பாயில் சேர்ந்து இருக்கும் இந்த வழக்கத்தில், நூலின் ஒவ்வொரு எழுத்தும் வானசாத்திரக் குறிப்பாக மெய்ப்பட வேண்டும் என்ற எதிர்பார்ப்பு இருந்ததில்லை.

போர்க்காலத்தில் சூரபன்மன் கதையைக் கேட்ட எங்கள் தாய்மார் பாற்கடல் எத்தனை யோசனை அகலம் என்று கேட்கவில்லை. சயந்தனும் தேவர்களும் சூரனின் சிறையில் ஆண்டாண்டாகக் கிடந்த பகுதி வரும்போது அவர்கள் அழுதார்கள். தடுப்பில் இருந்த பிள்ளையை நினைத்து அழுதார்கள். சிறை மீட்கப்படும் என்ற அந்தக் கதையின் சொல்லை எந்தத் தொலைநோக்கியாலும் மெய்ப்பிக்கவோ பொய்ப்பிக்கவோ முடியாது. மன்னிப்பையும் துயரத்தையும் பற்றி விவிலியம் சொல்வதற்கும் இது பொருந்தும். கி.மு. 4004 என்ற எண் விழுந்ததால் யோபுவின் புலம்பல் பொய்யாகிவிடவில்லை.

நூல் சொல்லும் பொருள் எது, நூல் தன் காலத்து அறிவில் இருந்து கடன் வாங்கிய எண் எது என்று பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும். எண் பிழைக்கும். பிழைத்தால் திருத்த வேண்டும். திருத்தினால் பொருள் செத்துப்போகும் என்று அஞ்சுகிறவர்கள் அந்தப் பொருளை உண்மையில் நம்பவில்லை என்றே நான் கருதுகிறேன்.

எங்களுக்கு ஏன் இது முக்கியம்

இது பண்டிதர்களின் பொழுதுபோக்கு விவாதமாக மட்டும் இருந்தால் இவ்வளவு எழுத வேண்டியதில்லை. நூலா, காட்சியா என்ற கேள்வியின் மேல்தான் எங்கள் நிலமும் எங்கள் இறந்தவர்களும் கிடக்கிறார்கள்.

மகாவம்சம் ஐந்தாம், ஆறாம் நூற்றாண்டளவில் எழுதப்பட்டது. புத்தர் நாகதீபத்துக்கு வந்தார், அவர் பரிநிர்வாணம் அடைந்த நாளிலேயே விஜயன் இத்தீவில் கரையிறங்கினான் என்று அது சொல்கிறது. ஒரு சமயச் சமூகத்தின் நம்பிக்கையாக அது அவர்களுக்கு உரியது. ஆனால் அந்நூலைக் காணி உறுதியாகப் பிரித்துக்கொண்டு தொல்லியல் வரும்போது நாங்கள் எதிர்க்கிறோம். 2020 ஜூனில் கிழக்கு மாகாணத் தொல்லியல் மரபுரிமைக்கென்று சனாதிபதி செயலணி அமைக்கப்பட்டபோது, அதில் ஒரு தமிழரோ முஸ்லிமோ இருக்கவில்லை. மண்ணைத் தோண்டி, படைகளை அளந்து, காலத்தைக் கணித்து, கிடைத்ததை எல்லோருக்கும் காட்டுங்கள் என்பதுதான் எங்கள் கோரிக்கை. நூலை மண் திருத்தட்டும், மண்ணை நூல் திருத்த வேண்டாம் என்கிறோம். நியாயமான கோரிக்கை. ஆனால் இதை மற்றவரின் நூலுக்கு மட்டும் சொல்ல முடியாது. எங்கள் புராணங்களுக்கும் பஞ்சாங்கங்களுக்கும் சாதியையும் பெண்ணையும் பற்றி எங்கள் நூல்கள் சொன்னவற்றுக்கும் அதே அளவுகோலைப் பிடிக்கத் துணிந்தால்தான் எங்கள் குரலுக்கு எடை இருக்கும்.

அடுத்தது சாதகம். கணவனைப் போரில் இழந்த பெண்ணிடம் ‘உன் குறிப்பில் மாங்கல்ய பலம் இல்லை’ என்று சொல்லப்படுவதை இங்கே எல்லோரும் கேட்டிருக்கிறோம். எறிகணை வீசியவனுக்குப் பேர் இல்லை, அவளின் ஏழாம் வீட்டுக்குப் பேர் இருக்கிறது. எந்த முறையில் கணித்தாலும் 2009இல் அந்தக் கரையோரத்தில் நின்ற அத்தனை பேரின் சாதகத்திலும் ஒரே நேரத்தில் ஆயுள் முடிந்திருக்க வழியில்லை. சனி எங்கே நிற்கிறது என்பதிலேயே இரண்டு பஞ்சாங்கங்களுக்கும் உடன்பாடு இல்லாதபோது, அந்தச் சனியின் பேரில் ஒரு பெண்ணின் மீதி வாழ்வுக்குத் தீர்ப்பு எழுதுவது எந்த நியாயம்?

காணாமலாக்கப்பட்டோரின் வீடுகளில் நிலைமை இன்னும் சிக்கலானது. செய்திக்காக அந்த வீடுகளுக்குப் போன எவருக்கும் இது தெரியும். மகனின் படம், முறைப்பாட்டுக் கடிதங்களின் பிரதிகள், அவற்றோடு ஒரே உறைக்குள் அவனின் சாதகக் குறிப்பு. ‘உயிரோடுதான் இருக்கிறான், தெற்குத் திசையில் இருக்கிறான்’ என்று சாத்திரி சொன்ன ஒரு வசனம். அந்த வசனத்தில் பதினைந்து, பதினாறு ஆண்டுகள் வாழ்ந்த தாய்மார் இருக்கிறார்கள். அவர்களைப் பார்த்து ‘மூடநம்பிக்கை’ என்று சொல்ல எனக்கு வாய் வராது. கிளிநொச்சியில் 2017 பெப்ரவரி 20ஆம் திகதி தொடங்கிய போராட்டத்தில் அவர்கள் கேட்டது சாத்திரத்தை அல்ல, சாட்சியத்தை. யாரிடம் கையளித்தோம், எங்கே கொண்டு போனீர்கள், பதிவேடு எங்கே என்று கேட்டார்கள். பதில் கிடைக்காமலே பலர் இறந்துபோனார்கள். காட்சிக்கான வழியை அரசு அடைத்து வைத்திருக்கும்போது, தாய்க்கு எஞ்சுவது குறிப்புத்தான். இங்கே பிழை குறிப்பை விரிப்பவளிடம் இல்லை.

அரசும் தனக்கென்று ஒரு வேதத்தை எழுதி வைத்திருந்தது. பொதுமக்கள் இழப்புப் பூச்சியம் என்பது அதன் முதல் வசனம். ஐக்கிய நாடுகள் செயலாளர் நாயகத்தின் நிபுணர் குழு 2011இல் கொல்லப்பட்ட பொதுமக்களின் தொகை 40,000 வரை இருக்கலாம் என்று சொன்ன பின்னரும் அந்த வசனத்தைத் திருத்த அரசு விரும்பவில்லை. சாட்சியங்கள் இருந்த இடத்தை ஒருவரும் பார்க்க விடப்படவில்லை. பார்க்காத இடத்தில் பழைய எண் அப்படியே நின்றது.

செம்மணியில் அந்த நிலை மாறத் தொடங்கியிருக்கிறது. அங்கே நூற்றுக்கணக்கானோர் புதைக்கப்பட்டதாக 1998இல் தண்டனை பெற்ற படைச்சிப்பாய் ஒருவர் நீதிமன்றத்தில் சொன்னார். அடுத்த ஆண்டு அகழ்ந்தபோது 15 உடல்களே வெளிவந்தன. அத்தோடு மூடப்பட்டது. 2025 பெப்ரவரியில் சித்துப்பாத்தி மயானத்தில் கட்டட வேலைக்காகத் தோண்டியபோது மீண்டும் எலும்புகள் தெரிந்தன. நீதிமன்றக் கண்காணிப்பில் நடந்த அகழ்வில் அந்த ஆண்டு செப்டெம்பருக்குள் 200க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் வெளிவந்தன. குழந்தைகளின் எலும்புகள். ஒரு நீலநிறப் புத்தகப்பை. ஒரு பொம்மை.

இனி அங்கே செய்ய வேண்டியது மரபணுப் பரிசோதனையும் எலும்பின் காலக் கணிப்பும் முறையான பதிவும். அவை சர்வதேசத் தரத்தில், உறவுகள் நம்பும் விதத்தில், எவரும் இடையில் கைவைக்காமல் நடக்க வேண்டும். முடிவு எதுவானாலும் அதைத் தாங்கும் வலிமையைத் தருவது ஒருவருக்குத் தேவாரமாக இருக்கலாம், இன்னொருவருக்குத் திருப்பாடலாக இருக்கலாம். அது சமயத்தின் வேலை. அந்தப் பையைத் தோளில் போட்டுப் போன பிள்ளை யார் என்று சொல்வது சமயத்தின் வேலை அல்ல. அதைக் குழிக்குள் இறங்கிப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

1829இல் அராலியிலும் வட்டுக்கோட்டையிலும் அண்ணாந்து பார்த்தவர்கள் அன்றிரவு வீடு திரும்பி விளக்கேற்றிக் கும்பிட்டிருப்பார்கள். பஞ்சாங்கம் பிழைத்ததால் அவர்களின் கடவுள் எங்கும் போய்விடவில்லை. ஆனால் அடுத்த கிரகணத்துக்கு எந்தக் கணக்கை எடுப்பது என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கும். எங்களுக்கும் அந்த அளவு தெளிவு போதும்.